முசிறிக் கடன் பத்திரமும் ஒரு சின்னக் கிரேக்கச் சொல்லும்: கிளாசிக்ஸ் முதுகலையில் என்னதான் படிக்கிறார்கள்?

வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு கிழிந்த பப்பைரஸ் தாள் (நாணல் வகைச் செடியில் செய்த பழைய எழுதுதாள்) இருக்கிறது. எகிப்திலிருந்து போனது, கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முழுக்கக் கிரேக்கத்தில் எழுதியது. ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மாபோலோன் என்ற கப்பல் ஏற்றி வந்த சரக்கின் கணக்கு: கங்கைப் பகுதிச் சடாமாஞ்சில் என்ற வாசனைப் பொருள், யானைத் தந்தம், இன்னும் சில. கடைசியில் வரும் மொத்தத் தொகை 1,154 தாலந்து, 2,852 திராக்மா. ஒரு தாலந்துக்கு 6,000 திராக்மா என்று பெருக்கினால் ஏறக்குறைய 69 லட்சம் திராக்மா. ஒரே கப்பலில்!

ஒப்பந்தப் பக்கத்தில் ஓர் ஊரின் பெயர் வருகிறது. முசிறி. அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் யவனரின் கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று வருகிறதே, அதே சேர நாட்டுத் துறைமுகமான முசிறிதான்.

1985-ல் இந்தத் தாள் அச்சில் வெளியானதிலிருந்து அறிஞர்கள் இதைப் பற்றி விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். விவாதத்தின் ஒரு முக்கியமான முடிச்சு, முசிறி என்ற பெயருக்கு முன்னால் நிற்கும் 'கட்டா' என்ற சின்னச் சொல். இடத்தைப் பொறுத்து அதற்கு 'ஓர் ஊரில்' என்றும் பொருள் வரும், 'ஒன்றின்படி' என்றும் வரும், 'ஒன்றைப் பொறுத்தவரை' என்றும் வரும். அப்படியானால் இது முசிறியில் வைத்தே எழுதப்பட்ட கடனா, முசிறிக்குப் போய்வரும் பயணத்துக்காக எகிப்தில் வாங்கிய கடனா? முதல் பொருளை எடுத்தால், லட்சக்கணக்கான திராக்மா புரளும் ஒப்பந்தங்களைக் கிரேக்க மொழியில் எழுதிக் கையெழுத்திடும் அளவுக்கு மேலைக்கடல் வணிகர்கள் முசிறியிலேயே தங்கித் தொழில் செய்தார்கள் என்று ஆகிறது. இரண்டாவதை எடுத்தால் அந்தச் சித்திரமே மாறிவிடும். இவ்வளவும் ஒரு முன்சொல்லின் மேல் நிற்கிறது.

இதை முடிவு செய்ய ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கிரேக்க இலக்கணம் தெரிய வேண்டும், அதுவும் பிளேட்டோ எழுதிய பழைய ஏதென்ஸ் கிரேக்கம் மட்டும் போதாது, 500 ஆண்டுகள் கழித்து எகிப்தில் கணக்குப்பிள்ளைகள் எழுதிய கிரேக்கமும் வேண்டும். அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். அதே காலத்து வேறு ஒப்பந்தங்களில் 'கட்டா' எப்படி வருகிறது என்று தேடத் தெரிய வேண்டும். ரோமானியச் சட்டம், சரக்கில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட சுங்க வரி, செங்கடல் துறைமுகத்திலிருந்து பாலைவனத்தின் வழியே ஒட்டகத்தில் நைல் கரையிலுள்ள கோப்டோஸ் வந்து அங்கிருந்து நைல் ஆற்றில் அலெக்சாந்திரியா போகும் பாதை, இதெல்லாமும் வேண்டும். இதற்கு முன் இதைப் பற்றி ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் எழுதியவர்கள் சொன்னதைப் படித்திருக்க வேண்டும். இந்தப் பட்டியல்தான் கிளாசிக்ஸ், அதாவது பழைய கிரேக்க, ரோமானிய உலகங்களைப் படிக்கும் துறையின், முதுகலைப் படிப்பு. இதிகாசக் கதைகளை ரசிப்பது அதில் ஒரு பகுதி, ஆனால் சிறிய பகுதி.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானியர் நல்ல எழுத்தாளரைக் குறிக்க 'கிளாசிக்குஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். ரோமில் சொத்து மதிப்பை வைத்துக் குடிமக்களை வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள், கிளாசிக்குஸ் என்றால் மேல்வகுப்பைச் சேர்ந்தவர். அதாவது வரிப் பதிவேட்டுச் சொல் இலக்கியத்துக்கு வந்து, கடைசியில் ஒரு பாடத்தின் பெயரும் ஆகிவிட்டது. பழைய கிரேக்க, ரோமானிய உலகங்களை மட்டும் 'கிளாசிக்ஸ்' என்று அழைப்பது சரியா என்ற கேள்வி இன்று அந்தத் துறைக்குள்ளேயே பலமாக எழுகிறது, எழ வேண்டியதும்தான். செம்மொழி ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு அந்தக் கேள்வியின் நியாயம் சொல்லாமலே புரியும்.

சரி, இளங்கலைக்கும் முதுகலைக்கும் என்ன வித்தியாசம்? இளங்கலையில் ஓர் ஆசிரியர் உங்கள் கையில் ஒரு நூலைத் தருவார், நீங்கள் அதைப் படித்துக் கருத்து எழுதுவீர்கள். முதுகலைக்கு வந்ததும் முதல் கேள்வியே வேறாகிவிடும்: உங்கள் கையில் இருக்கும் இந்த வரி உண்மையில் அந்த ஆசிரியர் எழுதிய வரிதானா? யார் சொன்னது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது. கட்டுல்லுஸ் என்ற ரோமானியக் கவிஞரை எடுத்துக்கொள்வோம், கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவருடைய கவிதைகள் ஏறக்குறைய எல்லாமே நமக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு கைப்பிரதி வழியாகத்தான். அது 1300-ஐ ஒட்டி வெரோனா நகரில் வெளிப்பட்டது, அப்புறம் காணாமலும் போய்விட்டது. 14-ஆம் நூற்றாண்டுப் படிகளில் இன்று முதன்மையாக எடுத்துக்கொள்பவை மூன்று, ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில், ஒன்று பாரிசில், ஒன்று வத்திக்கானில். மூன்றும் பிழை மலிந்தவை, பல இடங்களில் ஒன்றுக்கொன்று ஒத்தும் போகாதவை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தொலைந்துபோன வெரோனாப் பிரதியில் என்ன இருந்தது என்று கட்ட வேண்டும், அதற்கும் அப்பால் போய், அந்தப் பிரதிக்கும் 1,300 ஆண்டுகளுக்கு முன்னால் கவிஞர் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்க வேண்டும்.

எப்படி? இதற்கு ஒரு முறை இருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர்கள் அதை ஒழுங்குபடுத்தினார்கள், லாக்மன் என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. அடிப்படை மிக எளிது. தேர்வில் இரண்டு மாணவர்கள் ஒரே சரியான விடையை எழுதியிருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது, இரண்டு பேரும் படித்திருக்கலாம். இரண்டு பேரும் ஒரே விசித்திரமான தவறை எழுதியிருந்தால்? ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் இருவரும் மூன்றாவது ஒருவரைப் பார்த்திருக்க வேண்டும். கைப்பிரதிகளும் அப்படித்தான். பொதுவான பிழைகளை வைத்துப் பிரதிகளுக்கு ஒரு குடும்ப மரம் வரையலாம், எது எதன் படி என்று தெரிந்துவிடும், வெறும் படியின் படியாக இருப்பதைக் கழித்துவிடலாம். அப்புறமும் பாடபேதம், அதாவது ஒரே இடத்தில் பிரதிக்குப் பிரதி வேறு சொல், மிஞ்சினால் இன்னொரு கேள்வி: எந்தப் பாடத்திலிருந்து எது பிறந்திருக்க முடியும்? படி எழுதுபவர் தனக்குப் புரியாத அரிய சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கும், புரிந்த சொல்லை வேண்டுமென்றே கடினமாக்குவது அரிது. அதனால் இரண்டு பாடங்களும் பொருள் தந்தால் கடினமானதுதான் பெரும்பாலும் மூலம். (பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். கடினமாக இருப்பது சில நேரம் வெறும் பிழையாகவும் இருக்கும்.)

இதைப் படித்துவிட்டால் அப்புறம் எந்த அச்சுப் புத்தகத்தையும் பழைய மாதிரி படிக்க முடியாது. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பாடபேதக் குறிப்புகள்தான் முதலில் கண்ணில் படும்.

பப்பைரஸில் நிலைமை இன்னும் கடினம். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது, புள்ளியும் தாராளமாக வராது, பாதி தாள் பூச்சி தின்றிருக்கும். அதனால் 1931-ல் லைடன் நகரில் ஒரு பொது ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: அழிந்துபோன இடத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பினால் சதுர அடைப்புக்குள் போட வேண்டும், அரைகுறையாகத் தெரியும் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைக்க வேண்டும். முசிறித் தாளின் பதிப்பைத் திறந்தால் சதுர அடைப்புகளாகவே இருக்கும். ஒரு கட்டுரையில் யாராவது 'அந்தப் பத்திரம் இப்படிச் சொல்கிறது' என்று எழுதும்போது, அந்தச் சொல் அடைப்புக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் பழக்கம்தான் முதுகலை தரும் முதல் பயிற்சி.

இவ்வளவுக்கும் வாசல் மொழி. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. லத்தீனும் பண்டைய கிரேக்கமும், இரண்டும், அகராதி பக்கத்தில் இல்லாமல் ஓரளவு படிக்கும் நிலைக்கு வர ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு வேண்டும். தமிழ் தெரிந்தவருக்கு ஓர் அனுகூலம் உண்டு: வேற்றுமை நமக்குப் புதிதில்லை. 'புவெல்லம் அக்ரிகொல அமத்' என்றால் 'பெண்ணை உழவன் நேசிக்கிறான்'. சொற்களை எந்த வரிசையில் மாற்றிப் போட்டாலும் 'ஐ' உருபு எங்கே இருக்கிறது என்று பார்த்து நாம் பொருள் கொள்வதைப் போலவே அங்கும் ஈறு காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த மாணவருக்கு இந்த இடத்தைத் தாண்டவே பல மாதம் ஆகும். ஆனால் நம் உருபு எந்தப் பெயரோடு சேர்ந்தாலும் அதே உருபுதான், 'பெண்ணை', 'பெண்களை' என்று பன்மை தனியாகவும் உருபு தனியாகவும் தெரியும். லத்தீனில் இரண்டும் கரைந்து ஒரே ஈறாகிவிடும், அந்த ஈறும் பெயரின் வகையைப் பொறுத்து மாறும். 'புவெல்லை' என்ற ஒரே வடிவம் 'பெண்ணின்', 'பெண்ணுக்கு', 'பெண்கள்' என்று மூன்றாகவும் நிற்கும், சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கிரேக்க வினைச்சொல் இதைவிடப் பல மடங்கு விரிந்தது. மனப்பாடம் செய்யாமல் யாரும் தாண்டியதில்லை.

இந்த இரண்டு மொழிகளோடு ஜெர்மனும் பிரெஞ்சும் படிக்கத் தெரிய வேண்டும், பேச வேண்டாம். ஏன் ஜெர்மன் என்றால், துறையின் அடித்தளத்தில் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் அவர்கள். பண்டைய உலகைப் பற்றி 1893-ல் வெளிவரத் தொடங்கிய அவர்களுடைய பெரிய கலைக்களஞ்சியம் 80-க்கும் மேற்பட்ட தொகுதிகளாக வளர்ந்தது, இன்றும் ஆய்வாளர்கள் அதைத் திறக்கிறார்கள். லத்தீனின் முழு அகராதி ஒன்றை 1894-ல் தொடங்கினார்கள், மியூனிக்கில் இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதற்காகச் சேர்த்த சீட்டுகள் சுமார் ஒரு கோடி.

பாடத்துக்குள் பிரிவுகள் நிறைய. இலக்கியமும் மொழியும், வரலாறு, தத்துவம், தொல்லியல், கல்வெட்டு, பப்பைரஸ், நாணயம், பிற்காலத்தார் இந்தப் பழைய உலகை எப்படி எடுத்தாண்டார்கள் என்ற ஆய்வு. இப்போது கணினிக்காரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். கி.பி. 79-ல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரில் ஒரு வீட்டின் நூலகம் கரிந்துபோனது. 1750-களில் தோண்டி எடுத்த அந்தச் சுருள்கள் கரிக்கட்டை மாதிரி இருக்கும், பிரித்தால் நொறுங்கிவிடும். 2023-ல் அவற்றைப் பிரிக்காமலே, எக்ஸ்ரே படங்களிலிருந்து கணினி வழியாக ஒரு முழுச் சொல்லைப் படித்தார்கள், ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. சில மாதங்களில் 2,000 எழுத்துகளுக்கு மேல் வெளிவந்தன. படத்திலிருந்து மையைப் பிரித்துக் காட்டியவர்கள் கணினி மாணவர்கள். அந்த எழுத்துகளைச் சேர்த்து என்ன சொல்கிறது என்று படித்துக் கொடுக்கப் பப்பைரஸ் அறிஞர்கள் வேண்டியிருந்தது.

இனி படிப்பின் அமைப்பு. பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓர் ஆண்டு, முனைவர் பட்டம் மூன்று நான்கு ஆண்டு. பட்டப் பெயர்களில் குழம்பிவிட வேண்டாம்: ஆக்ஸ்ஃபோர்டில் எம்.ஃபில். என்றால் இரண்டு ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் படிப்புக்கு எம்.எஸ்டி. என்று பெயர். கேம்பிரிட்ஜில் எம்.ஃபில். ஒன்பதே மாதம். அமெரிக்காவில் இளங்கலை முடித்தவுடன் நேராக முனைவர் படிப்பில் சேரலாம், ஐந்து ஆறு ஆண்டுக்குக் குறையாது. அதில் முதல் சில ஆண்டுகள் வகுப்புகளும் தேர்வுகளும்தான்: ஹோமர், ஹெரோடோட்டஸ், சோஃபோக்ளீஸ், பிளேட்டோ, சிசரோ, வெர்ஜில், டாசிட்டஸ் என்று ஒரு நீண்ட வாசிப்புப் பட்டியல் தருவார்கள், அதிலிருந்து எங்கே கேட்டாலும் அகராதி இல்லாமல் மொழிபெயர்க்க வேண்டும். ஜெர்மனியில் 'கிளாசிக்ஸ்' என்று ஒரே துறையாக இருப்பது அரிது, மொழியியல், பண்டைய வரலாறு, தொல்லியல் என்று தனித்தனியாகப் பிரிந்திருக்கும், வகுப்புகள் ஜெர்மனில் நடக்கும்.

மொழியைத் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அமெரிக்காவில் 'போஸ்ட்பேக்' என்ற இடைநிலைப் படிப்பு உண்டு, பென்சில்வேனியா, யு.சி.எல்.ஏ. போன்ற பல்கலைக்கழகங்களில். அங்கே ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ மொழியிலேயே மூழ்கிவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம். இதைக் கௌரவக் குறைவாக யாரும் பார்ப்பதில்லை.

பணத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு ஓராண்டு முதுகலைக் கட்டணம் பல இடங்களில் 20,000 பவுண்டைத் தாண்டும், தங்குவதும் சாப்பாடும் தனி. அமெரிக்க முனைவர் படிப்பில் நல்ல இடங்கள் கட்டணத்தை நீக்கி மாத உதவித்தொகையும் தரும், பதிலுக்கு நீங்கள் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுப்பீர்கள். உதவித்தொகை இல்லாமல் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தால், வீட்டை அடமானம் வைத்துப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்தத் துறையில் நிரந்தரப் பேராசிரியர் வேலைகள் மிகக் குறைவு, முனைவர் பட்டம் பெறுபவர்கள் அதைவிட நிறைய. துறைகளும் மூடப்படுகின்றன. வாஷிங்டனில் கறுப்பின மக்களின் உயர்கல்விக்காகத் தோன்றிய ஹோவர்ட் பல்கலைக்கழகம் தன் கிளாசிக்ஸ் துறையை 2021-ல் கலைத்தது, அப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களில் அந்தத் துறை இருந்தது அங்கே மட்டும்தான். அதே ஆண்டு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், இளங்கலை கிளாசிக்ஸ் மாணவர்கள் கிரேக்கமோ லத்தீனோ படித்தே ஆக வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது. வாசலைத் திறந்துவிடத்தான் அப்படிச் செய்தார்கள், நோக்கம் நல்லதுதான். ஆனால் இதைப் பார்த்து, முதுகலைக்கும் மொழி வேண்டாம் போல என்று நினைத்துவிட வேண்டாம்.

வாசல் ஏன் மூடியிருந்தது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இந்திய சிவில் சர்வீசுக்கு 1855-ல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தபோது கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. ஆளப்போகும் நாட்டின் மொழி தெரிந்தவரைவிட ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கம் படித்தவருக்கு இரண்டு மடங்கு எடை. அந்தப் படிப்பு நம்மை ஆள வந்தவர்களுக்கான ஏணியாக இருந்திருக்கிறது. இன்று நம் பிள்ளை ஒருவர் அதே கிரேக்கத்தைப் படித்து முசிறித் தாளின் முன் உட்கார்ந்தால், அவர் கையில் சங்கப் பாடலும் இருக்கும், பப்பைரஸும் இருக்கும். முசிறி வணிகத்தின் இரண்டு கரைகளையும் மூல மொழியிலேயே படிக்கக்கூடியவர்கள் உலகத்தில் மிகக் கொஞ்சம் பேர். இதை நான் உண்மையிலேயே ஒரு தேவையாகப் பார்க்கிறேன். செங்கடல் கரையில் பெரெனிகேயிலும் குசைர் அல்-கதீமிலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன, அதே மண்ணில் கிரேக்க ஓடுகளும் கிடைத்திருக்கின்றன, இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆள் வேண்டும்.

இங்கிருந்து எப்படித் தொடங்குவது? நம் ஊரில் பண்டைய கிரேக்கம் சொல்லித்தரும் இடம் என்றால் பெரும்பாலும் இறையியல் கல்லூரிகள்தான், அங்கே கற்பிப்பது புதிய ஏற்பாட்டின் கொயினே கிரேக்கம், அந்தக் காலத்துப் பொதுவழக்குக் கிரேக்கம். ஹோமருக்கும் பிளேட்டோவுக்கும் அது போதாது, ஆனால் நல்ல தொடக்கம். முசிறித் தாள் எழுதியிருப்பதும் கொயினேதான். அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக எட்டு வாரக் கோடை வகுப்பில் லத்தீனையும் கிரேக்கத்தையும் அடிப்படையிலிருந்து சொல்லித்தந்திருக்கிறது. வீட்டிலிருந்தே படிப்பவருக்கு அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பெர்சியுஸ் என்ற இலவச இணையத்தளம் பெரிய துணை, எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் இலக்கணமும் அகராதிப் பொருளும் வரும். ஆனால் முதல் ஆறு மாதம் அதைத் தொடாமல் ஒரு பாடநூலை வைத்துக் கையால் எழுதிப் படியுங்கள், தொட்டுத் தொட்டுப் படித்தால் மொழி மனதில் நிற்காது.

விண்ணப்பத்தில் கேட்பவை: நீங்கள் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை, எதை ஏன் ஆராய விரும்புகிறீர்கள் என்ற அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், அப்புறம் பல இடங்களில் இன்னொன்றும் கேட்பார்கள், மூல மொழியில் நீங்கள் எந்தெந்த நூலை, எத்தனை வரி படித்திருக்கிறீர்கள் என்ற பட்டியல். அந்தப் பட்டியலை இன்றே ஒரு நோட்டில் தொடங்கிவிடுங்கள், தேதியோடு. கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும், சேர்வது அடுத்த இலையுதிர் காலத்தில்.